இரவுப் பணிக்குத் தயாரா புதிய மருத்துவர்கள்?

புது தில்லி: நாடாளுமன்றத்தின் எந்தக் கூட்டத்தொடரை எடுத்துக்கொண்டாலும் சுகாதாரத் துறை அமைச்சகத்திடம் தவறாமல் எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு. நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் எத்தனை, எம்.பி.பி.எஸ். இடங்கள் எத்தனை என்பதே அது. பதிலும் ஆயத்தமாக இருக்கும். 2014-க்கு முன்பு 387 ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை 2024-25-இல் 780 ஆக உயர்ந்தது. 51,348 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 1.18 லட்சத்தைத் தாண்டின என்று அரசு இரு அவைகளிலும் தெரிவித்துள்ளது. உறுப்பினர்கள் தத்தம் தொகுதிக்கு ஒரு கல்லூரி கேட்பார்கள். அமைச்சர் பரிசீலிப்பதாகக் கூறுவார். அத்துடன் அவை அடுத்த கேள்விக்குச் சென்றுவிடும்.

இந்த இடங்களில் சேர்ந்து நான்கரை ஆண்டுகள் படித்துத் தேறும் 23 அல்லது 24 வயது இளைஞர், முதன்முறையாக இரவுப் பணியில் நிறுத்தப்படும்போது என்ன நடக்கிறது என்ற கேள்வி அவைகளில் எழுவது அரிது. மருத்துவக் கல்வியின் தரம் குறித்து இத்தனை குழுக்களும் அறிக்கைகளும் வந்த பிறகும், படிப்பு முடிந்த நாளுக்கும் பொறுப்பை ஏற்கும் இரவுக்கும் இடையே உள்ள சில நாள்களை எப்படிப் பயன்படுத்துவது என்பது பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. அந்த நாள்களை வீணாக்குவதன் விலையை நோயாளியும் இளம் மருத்துவரும் சேர்ந்தே கொடுக்கின்றனர்.

கல்லூரி மருத்துவமனையில் பகல் வேறு, இரவு வேறு. பகலில் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், முதுநிலை மாணவர்கள், தமிழகத்தில் 'ஹவுஸ் சர்ஜன்' என்று பழகிப்போன பயிற்சி மருத்துவர்கள் என ஒரு படையே வார்டைச் சுற்றி வரும். பிற்பகலில் புறநோயாளிகள் பிரிவு மூடப்பட்டு மூத்தவர்கள் வீடு திரும்பிய பிறகு, படுக்கையில் இருப்பவர்களும், அவசர சிகிச்சைப் பிரிவு வழியாகப் புதிதாக வந்து சேருபவர்களும் அன்றைய 'டியூட்டி டாக்டர்' பொறுப்பில் விடப்படுகின்றனர். தேவைப்பட்டால் மூத்தவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். 'ஆன்-கால் டியூட்டி' என்று சொல்லப்படுவது இதுதான். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் செவிலியர் முதலில் எழுப்புவது அந்தக் கட்டடத்தில் அனுபவம் மிகக் குறைந்த மருத்துவரைத்தான் என்பது இந்த ஏற்பாட்டின் விசித்திரம்.

இந்த வாசலை ஓர் இளம் மருத்துவர் ஒருமுறை மட்டும் கடப்பதில்லை. பயிற்சி மருத்துவராக ஒருமுறை, முதுநிலைப் படிப்பின் முதலாண்டில் மறுமுறை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்தால் இன்னொரு முறை. கடைசியாகச் சொன்ன இடத்தில் அழைப்பதற்கு மூத்தவரே அருகில் இருக்கமாட்டார்.

தேர்வு கேட்பதும் இரவு கேட்பதும்

தேர்வறையில் நோயின் பெயரைச் சரியாகக் குறித்தால் மதிப்பெண் உண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்கு நோயின் பெயர் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. மூச்சுப்பாதை அடைபட்டுள்ளதா, மூச்சு எத்தனை முறை, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் எப்படி, சுயநினைவு இருக்கிறதா, சிறுநீர் பிரிந்ததா என்று வரிசை தவறாமல் பார்க்கவும், பார்த்ததை வைத்து இவர் காலை வரை காத்திருக்கக்கூடிய நோயாளியா, இல்லையா என்று முடிவெடுக்கவும் தெரிய வேண்டும்.

பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்திகள் இங்கே உயிர் சம்பந்தப்பட்டவையாக மாறிவிடுகின்றன. இந்தியச் சந்தையில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு அடர்த்திகளில் விற்கப்படுகின்றன. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் மருந்தை எடுத்துவிட்டால், எழுதிய அளவைப் போல இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் சென்றுவிடும். விடிவதற்குள் நோயாளி நினைவிழந்து கிடப்பார். பொட்டாசியம் குளோரைடை உப்புநீர்க் கரைசலில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ரத்தம் ஏற்றும் முன் பையில் உள்ள பெயரையும் பிரிவையும் படுக்கையருகே நின்று மீண்டும் ஒப்பிட வேண்டும். இவை எதுவும் மாணவருக்குத் தெரியாதவை அல்ல. பகலில், அருகில் ஒருவர் நிற்க, பத்து முறை செய்து பழகாததுதான் பிரச்னை.

சட்டம் சம்பந்தப்பட்டவையும் உண்டு. பயிற்சி மருத்துவர் தம் கையெழுத்தில் மருத்துவச் சான்றிதழோ, இறப்புச் சான்றிதழோ, காவல் துறை தொடர்பான மருத்துவ ஆவணமோ வழங்கக் கூடாது என்பது நீண்ட காலமாக உள்ள விதி. விபத்திலோ கைகலப்பிலோ காயமடைந்து வருபவர்களின் உறவினரும் காவலரும் காகிதத்தை நீட்டும்போது, "இதில் நான் கையெழுத்திட இயலாது" என்று சொல்லவும் ஒருவர் முன்கூட்டியே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மூத்தவரை எழுப்புவது. எப்போது அழைப்பது, அழைத்தால் என்ன சொல்வது என்ற இரண்டுமே தனிப்பயிற்சி தேவைப்படும் விஷயங்கள். நோயாளி யார், இப்போது என்ன நேர்ந்துள்ளது, முந்தைய நிலை என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் நான் வேண்டுவது என்ன என்ற வரிசையில் ஒரே நிமிடத்தில் சொல்லி முடிக்கும் முறை, அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். ஆனால், "இதற்கெல்லாமா தூக்கத்தைக் கெடுப்பது?" என்று மறுமுனையில் கேட்கும் குரலுக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் மருந்தில்லை. ஒருமுறை அந்தக் குரலைக் கேட்டவர் அடுத்த முறை அழைக்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் எந்த மருத்துவப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

நிலைக்குழு சொன்னது

இந்தக் குறைபாடு தில்லியின் அதிகார வட்டாரங்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. இந்திய மருத்துவக் கவுன்சிலின் செயல்பாடு குறித்து ஆராய்ந்த சுகாதாரத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, ராம்கோபால் யாதவ் தலைமையில் 2016 மார்ச் மாதம் அளித்த தனது 92-ஆவது அறிக்கையில், அடிப்படைத் தகுதியுள்ள மருத்துவரை உருவாக்கவே கவுன்சில் தவறிவிட்டது என்று குற்றம் சாட்டியது. சுகப்பிரசவம் பார்ப்பது போன்ற அடிப்படைப் பணிகளில்கூட மருத்துவப் பட்டதாரிகளுக்குப் போதிய திறன் இல்லை என்பதும் அதில் இடம்பெற்றது. நாடாளுமன்றக் குழு ஒன்று இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது வழக்கமல்ல. கவுன்சில் கலைக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் பொறுப்பேற்றதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம்.

அதன் பிறகு மாற்றங்கள் வராமல் இல்லை. 2019-இல் சேர்ந்த மாணவர்களிடமிருந்து திறன் சார்ந்த பாடத்திட்டம் அமலுக்கு வந்தது. ஊசி போடுவது, மூக்குவழிக் குழாய் செருகுவது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது, நின்றுபோன இதயத்தை இயங்கச் செய்யும் முதலுதவி போன்றவற்றை மாணவர் செய்துகாட்டிச் சான்று பெற வேண்டும். பொம்மை உடல்களில் பழகுவதற்கான திறன் ஆய்வகம் கட்டாயமாக்கப்பட்டது. நோயாளியிடம் பேசும் முறையும் மருத்துவ அறமும் தனிப் பாடமாயின. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கட்டாயப் பயிற்சி விதிமுறைகளைப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது. பயிற்சிக் காலம் 52 வாரங்கள். சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேறு மற்றும் குடும்ப நலத்துக்கு 7, பொது மருத்துவத்துக்கு 6, பொது அறுவைச் சிகிச்சைக்கு 6 என்று பிரித்துக்கொண்டே வந்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது 2 வாரம். மயக்கவியலும் தீவிர சிகிச்சையும் சேர்ந்து இன்னொரு 2 வாரம். பின்னாளில் இரவுகளில் இளம் மருத்துவர் எதிர்கொள்ளப் போகும் சூழலுக்கு மிக நெருக்கமான பயிற்சி இந்த நான்கு வாரங்கள்தான்.

அந்த இரண்டு வாரமாவது முறையாக நடக்கிறதா? புதிய கல்லூரிகளுக்கான 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளில், கட்டாயமாக இருக்க வேண்டிய துறைகளின் பட்டியலிலிருந்து அவசர மருத்துவத் துறை விடுபட்டது. அவசர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் இதை எதிர்த்தபோது ஆணையம் அளித்த விளக்கம் வியப்பளிப்பதாக இருந்தது. 246 கல்லூரிகளில் 2022-23-ஆம் கல்வியாண்டுக்காக நடத்தப்பட்ட ஆய்வில், பணிக்கே வராத, பெயரளவில் மட்டும் இருந்த ஆசிரியர்கள் பெருமளவில் கண்டறியப்பட்டனர். எந்தக் கல்லூரியும் 50 சதவீத வருகைப்பதிவை எட்டவில்லை. அவசரப் பிரிவில் விபத்துப் பிரிவு மருத்துவ அலுவலரைத் தவிர மாணவர்களுடன் பேச எவரும் இல்லாததால், அங்கு பணியமர்த்தப்படுவதை மாணவர்கள் விடுமுறை போலவே கருதுகின்றனர் என்று ஆணையமே ஒப்புக்கொண்டது. அவசரப் பிரிவு காலியாகக் கிடக்கிறது என்பதைக் கண்டறிந்த அமைப்பு, அதை நிரப்ப வழி தேடாமல் பட்டியலிலிருந்தே நீக்கியதற்குச் சமாதானமாக இந்த ஆய்வைக் காட்டியதுதான் வேடிக்கை.

மாணவர் தரப்பிலும் ஒரு நெருக்கடி இருக்கிறது. பயிற்சி ஆண்டு முடிந்தவுடன் முதுநிலை 'நீட்' தேர்வு காத்திருக்கிறது. கொள்குறி வகைக் கேள்விகளுக்கான அத்தேர்வில் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே, கைப்பழக்கத்துக்காக ஒதுக்கப்பட்ட ஆண்டு, பயிற்சி மையங்களின் காணொளிகளுக்கும் வினா வங்கிகளுக்கும் போய்விடுகிறது. இதைச் சரிசெய்வதாகச் சொல்லித்தான் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் 'நெக்ஸ்ட்' தேர்வு சேர்க்கப்பட்டது. பயிற்சிக்கு முன் எழுத்துத் தேர்வு, பயிற்சிக்குப் பின் செய்முறைத் தேர்வு என இரு கட்டங்கள். இரண்டாம் கட்டத்தில் தேறுவதற்காகவாவது மாணவர்கள் வார்டில் நிற்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. சட்டம் அமலுக்கு வந்த மூன்று ஆண்டுகளுக்குள் நடத்தப்பட வேண்டிய இத்தேர்வு, மாணவர்களின் எதிர்ப்பை அடுத்து 2023 ஜூலையில் மறு உத்தரவு வரை ஒத்திவைக்கப்பட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் உரிமையில் தலையிடுவதாகக் கூறித் தமிழகம் இதை எதிர்த்தது. முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் அதற்கு முந்தைய மாதம் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். இன்னொரு தேசியத் தேர்வு தேவையா என்ற எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால், பயிற்சி ஆண்டை மீட்பதற்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதை எதிர்த்தவர்களும் சொல்லவில்லை, ஒத்திவைத்தவர்களும் சொல்லவில்லை.

48 மணி நேரமும் 74 மணி நேரமும்

தயார் நிலை என்பது கற்பதை மட்டும் பொறுத்ததல்ல, தூக்கத்தையும் பொறுத்தது. உறைவிட மருத்துவர்களுக்கான திட்டம் குறித்து மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் 5 அன்று வெளியிட்ட உத்தரவு, தொடர் பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இளநிலை உறைவிட மருத்துவர்கள் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம் பணியாற்ற வேண்டும், சுழற்சி முறையில் வார விடுமுறை தரப்பட வேண்டும் என்கிறது. கூடவே, பணிச்சுமைக்கும் மருத்துவர்கள் கிடைப்பதற்கும் ஏற்ப மருத்துவக் கண்காணிப்பாளர் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி உண்டு. நடைமுறையில் அந்த ஒரு வரிதான் உத்தரவாகிவிட்டது.

2023-ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் எண்ணையே கைவிட்டுவிட்டன. 'நியாயமான பணி நேரம்', 'நியாயமான ஓய்வு' என்று மட்டும் சொல்கின்றன. எது நியாயம் என்பதைத் துறைத் தலைவர் முடிவு செய்வார். மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கையில், வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம் என்று பரிந்துரைத்தது. அக்குழு நடத்திய இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் 31 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் தோன்றியதாகத் தெரிவித்தனர். இளநிலை மாணவர்களிடையே இது 16 சதவீதம். 32 ஆண்டுகளில் பரிந்துரை 48-இலிருந்து 74-க்கு ஏறியிருக்கிறது என்பதையும், அந்த 74-ஐயே மருத்துவர்கள் நிவாரணமாகக் கருத வேண்டிய நிலை இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

தூக்கமின்மை குறித்த ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீத மது உள்ளவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பணிமுறையில் பயிற்சி மருத்துவர்கள் 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான தவறுகளைச் செய்தது தெரியவந்தது. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் விதி செய்தது. 36 மணி நேரம் என்பது மருத்துவமனைகளில் ஓய்வின் அளவாக அல்ல, பணியின் அளவாகவே அறியப்படுகிறது.

நிர்வாகத்தின் தாமதமும் இந்தச் சுமையில் சேர்ந்துகொள்கிறது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த முதுநிலை 'நீட்' தேர்வு கரோனாவால் செப்டம்பருக்குப் போனது. பிறகு இட ஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு நின்றது. முதலாண்டு மாணவர்கள் என்ற ஒரு தலைமுறையே இல்லாமல் மருத்துவமனைகள் மாதக்கணக்கில் இயங்கின. இருந்தவர்கள் இரட்டிப்பு இரவுகள் பார்த்தனர். தில்லியில் உறைவிட மருத்துவர்கள் சாலைக்கு வந்ததும், 2021 டிசம்பர் 27 அன்று காவல் துறையுடன் மோதல் ஏற்பட்டதும், 2022 ஜனவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் கலந்தாய்வுக்கு அனுமதி அளித்ததும் அரசியல் செய்தியாகப் பேசப்பட்டன. அந்த மாதங்களில் வார்டுகளில் என்ன நடந்தது என்ற கணக்கை எவரும் எடுக்கவில்லை.

இரண்டு மரணங்கள்

கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் 2023 மே 10 அதிகாலை, சிகிச்சைக்காகக் காவல் துறையினர் அழைத்துவந்த நபர் கத்தரிக்கோலால் குத்தியதில் 23 வயதுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த நேரத்தில் அங்கே பணியில் இருந்த இளையவர்களில் அவரும் ஒருவர். கேரள அரசு சில நாள்களிலேயே அவசரச் சட்டம் கொண்டு வந்து தண்டனையைக் கடுமையாக்கியது.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த 31 வயது முதுநிலை மாணவி பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்தது. குற்றவாளிக்கு 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்ததுடன், மருத்துவர்களுக்கு ஓய்வறைகள் இல்லாததையும் 36 மணி நேரப் பணியையும் தன் உத்தரவில் சுட்டிக்காட்டியது. உறவினர் ஒருவருக்கு உடல்நலமில்லாதபோது அரசு மருத்துவமனையின் தரையில் தாம் படுத்துறங்கியதை அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் விசாரணையின்போது நினைவுகூர்ந்தார்.

தனி மத்தியச் சட்டம் தேவையில்லை, மாநிலச் சட்டங்களே போதும் என்பது பணிக்குழுவின் முடிவு. அதன் பிறகு நாட்டின் பல மருத்துவமனைகளில் கேமராக்களும் காவலர்களும் வந்தனர். அது வேண்டியதுதான். ஆனால், இரவில் நோயாளியின் உறவினர்களிடம் மரணச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு, இதற்கு முன் எவரிடமும் அப்படி ஒரு செய்தியைச் சொல்லியிராத 24 வயதுக்காரரிடம் விடப்படுவது அப்படியே தொடர்கிறது. வன்முறை வெடிப்பது பல நேரங்களில் அந்தக் கணத்தில்தான்.

பிரிட்டனின் புதன்கிழமை

பிரிட்டனில் புதிய மருத்துவர்கள் அனைவரும் ஆகஸ்ட் மாத முதல் புதன்கிழமை ஒரே நாளில் பணியில் சேருகின்றனர். மருத்துவமனைகளில் அதற்குக் 'கறுப்புப் புதன்' என்றே பெயர். 2000 முதல் 2008 வரை அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 3 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். வயது, நோய் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோது, முந்தைய புதனைவிட அன்று சேர்ந்தவர்களிடையே இறப்பு வாய்ப்பு 6 சதவீதம் அதிகம் என்று 2009-இல் அறிவித்தனர். வேறு காரணங்களும் இருக்கலாம் என்று அவர்களே எச்சரித்தனர். இருந்தும் அந்நாட்டு அரசு காத்திருக்கவில்லை. 2012 முதல், பணியேற்கும் முன் குறைந்தது நான்கு நாள்கள், சம்பளத்துடன், வெளியேறும் மருத்துவரின் கூடவே நிழல்போல் நடந்து வேலையைக் கற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. எந்த அலமாரியில் எந்த மருந்து, இரவில் ஆய்வகத்தின் எண் என்ன, எந்த மூத்தவர் பொறுப்பில் இருக்கிறார் என்பன போன்ற சிறு விஷயங்களே அந்த நான்கு நாள்களில் முக்கியம்.

அதே ஆண்டில் பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடி, வெப்பநிலை, சுயநினைவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் எச்சரிக்கை அட்டையை அறிமுகப்படுத்தியது. கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் மூத்த குழு வர வேண்டும். இதனால் மூத்தவரை எழுப்பலாமா என்று இளையவர் தயங்க வேண்டியதில்லை. அந்த முடிவை அட்டையே எடுத்துவிடுகிறது.

பணி நேரத்தைக் குறைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று வெளிநாட்டு அனுபவம் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் முதலாண்டு மருத்துவர்களுக்கு 2011-இல் விதிக்கப்பட்ட 16 மணி நேர வரம்பு 2017-இல் தளர்த்தப்பட்டு மீண்டும் 24 மணி நேரமானது. நேரத்தை நீட்டித்த அறுவைச் சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களில் நோயாளிகளுக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை என்று 2016-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியதே காரணம். பணிமுறை குறுகும்போது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நோயாளிகள் மாறுவது கூடுகிறது. மாறும்போது செய்தி சிந்துகிறது. ஆகவே, பணி ஒப்படைப்பை ஒழுங்குபடுத்தாமல் நேரத்தை மட்டும் குறைத்தால் பலன் பாதிதான். ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் ஒப்படைப்புக்கென்று வாய்மொழியும் எழுத்துமாக ஒரே வடிவத்தைப் பழக்கியபோது, மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும் தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன என்று 2014-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதற்குத் தேவைப்பட்டவை பயிற்சியும் ஒரு தாளும்தான். புதிய கட்டடமோ இயந்திரமோ தேவைப்படவில்லை.

யார் பொறுப்பு?

இந்தியாவில் இதைச் செய்யத் தடையாக இருப்பது பணம் அல்ல. மருத்துவமனைகள் மாநிலங்களிடம் இருக்கின்றன, பாடத்திட்டமும் பயிற்சி விதிகளும் ஆணையத்திடம் இருக்கின்றன, தேர்வு தில்லியின் வேறோர் அமைப்பிடம் இருக்கிறது, கலந்தாய்வு இன்னொன்றிடம். இரவுப் பணி அட்டவணையோ துறையில் உள்ள மூத்த முதுநிலை மாணவர் கையில் இருக்கிறது. பல இடங்களில் அவரே புதியவருக்கு ஆசிரியர், அவரே மேலாளர். அவரும் முந்தைய இரவு தூங்காதவர்தான். அறிமுக வகுப்பு நடத்தும் கல்லூரிகள் உண்டு, நடத்தாதவையும் உண்டு. நடத்தவில்லை என்பதற்காக ஒரு கல்லூரியின் இடங்கள் குறைக்கப்பட்டதாகச் செய்தி வந்ததில்லை.

பிரிட்டனைப் போல நான்கு நாள் பயிற்சியை இங்கே வைப்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உள்ளது. அங்கே எல்லோரும் ஒரே நாளில் சேருகின்றனர். இங்கே முதுநிலைக் கலந்தாய்வு அகில இந்திய இடங்களுக்கும் மாநில இடங்களுக்கும் தனித்தனியாக, சுற்றுச் சுற்றாக நடந்து, எஞ்சிய இடங்களுக்கான சுற்றும் முடிய மாதங்கள் ஆகின்றன. முதல் சுற்றில் வந்தவர் மூன்றாவது சுற்றில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார். வருபவர்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுத்தால், அடுத்த வாரம் வருபவர்களுக்கு மீண்டும் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். கலந்தாய்வை ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் முடித்து, வகுப்பும் பணியும் நாடெங்கும் ஒரே நாளில் தொடங்குமாறு செய்வது முழுக்க மத்திய அரசின் அதிகார வரம்புக்கு உட்பட்டது. அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

அதுவரை, கடைசிச் சுற்றில் இடம் கிடைத்து, பெட்டியுடன் விடுதி வாசலில் வந்து இறங்குபவருக்கு மருத்துவமனையின் வழிகள்கூடத் தெரிந்திருக்காது. ஆனால், பணி அட்டவணையில் அவருக்காகக் காலியாக வைக்கப்பட்ட இரவுகள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும்.